சாளரத்தின் தலைப்பட்டையும் பட்டியலும்

காளையார்கோவிலுக்குச் செல்வோர் தொலைவிலேயே பெருங்கோபுரத்தைக் காண்பர். தேவாரப் பாடல் பெற்ற இப்பதியின் கோவில் மிகத் தொன்மையது. பெருங்கோபுரமோ பிற்காலத்தே மருது சகோதரர் எழுப்பியது. உள்ளிருக்கும் சந்நிதி வேறு. அதற்கு வாயிலாக நிற்கும் கோபுரம் வேறு. கணினித் திரையிலும் இத்தகைய பாகுபாடு ஒன்று உண்டு. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நாம் திறக்கும் ஒவ்வொரு சாளரத்தின் தலையிலும் ஒரு பட்டை உளது. அதில் பெயரும், சுருக்குதல், பெருக்குதல், மூடுதல் என்னும் தொழில்களுக்குரிய பொத்தான்களும் அமைந்துள்ளன. இவற்றை வரைவது யாது? சாளரத்தினுள் இயங்கும் செயலியே என்பர் பலர். லினக்ஸில் பெரும்பாலும் அஃதன்று. 1984ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றிய எக்ஸ் சாளர முறை, சட்டத்தையும் பொத்தான்களையும் வரையும் பொறுப்பைச் சாளர மேலாளர் என்னும் தனி நிரலுக்கு விட்டது. ஆதலின் செயலியைத் தொடாமலே அதன் தலைப்பட்டையை மாற்றல் கூடும்.

சாளர மேலாளர் பலவற்றுள் ஓப்பன்பாக்ஸ் என்பது சிறியது. குறைந்த நினைவகமுள்ள பழைய கணினிகளுக்கும் ஏற்றது. பயன்படுத்துவோர்க்குரிய இல்லக் கோப்புறையில், புள்ளியை முதலாகக் கொண்ட கன்ஃபிக் என்னும் மறைகோப்புறையுள், ஓப்பன்பாக்ஸ் என்னும் பெயரால் இதன் கோப்புக்கள் இருக்கும். அவற்றுள் ஆர்சி என்பது நடைமுறைகளையும், மெனு என்பது பட்டியலையும் குறிக்கும். முதற்கண் இரண்டிற்கும் படி எடுத்து வைத்தல் வேண்டும். ஓர் அடைப்புக்குறி விடுபடினும் கோப்பு பயன்படாது போம்.

ஆர்சி கோப்பில் டைட்டில்லேஅவுட் என்னும் இடத்தில் என், எல், ஐ, எம், சி என்னும் ஐந்து ஆங்கிலப் பேரெழுத்துக்களைக் காணலாம். என் என்பது சிறுபடம், எல் பெயர், ஐ சுருக்குதல், எம் பெருக்குதல், சி மூடுதல். எழுத்துக்களின் வரிசையே பொத்தான்களின் வரிசையாம். சி முதலில் நிற்பின் மூடும் பொத்தான் இடப்புறம் வரும்; எம்மை நீக்கின் பெருக்கும் பொத்தான் மறையும். திருத்திய பின் ஓப்பன்பாக்ஸிற்கு ரீகான்ஃபிகர் என்னும் கட்டளை தரின், கணினியை அணைக்காமலே மாற்றம் தோன்றும். தம் பட்டையைத் தாமே வரைந்துகொள்ளும் சில புதிய செயலிகள் மட்டும் இதற்கு அடங்கா.

இனிப் பட்டியலைக் காண்போம். மெனு கோப்பில் ஒவ்வொரு வரியிலும் லேபிள் என்பது கண்ணுக்குத் தோன்றும் பெயர். அதனுள் அடங்கிய கட்டளை கணினிக்கு உரியது. கட்டளையை அவ்வாறே விடுத்துப் பெயரை மட்டும் "கடிதம் எழுத", "கணக்குப் பார்க்க", "படம் காண" என்று தமிழில் எழுதலாம். இதற்கு மொழிபெயர்ப்பாளரும் வேண்டா. நிரல் பயின்றவரும் வேண்டா. தமிழ் தட்டெழுதத் தெரிந்தால் போதும்.

இதன் பயன் சிறிதன்று. தமிழ்நாட்டரசு 2011ஆம் ஆண்டு மாணவர்க்கு இலவசமாக வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸுடன் இடம்பெற்றது. அதனால் சிற்றூர் வீடுகளிலும் கணினி புகுந்தது. ஆயினும் ஆங்கிலப் பட்டியலைக் கண்டு அஞ்சி, கணினியைத் தொடாத பெற்றோர் பலர். அவர்தம் மக்கள் அரைமணி நேரம் செலவிட்டுப் பத்து வரிகளைத் தமிழாக்கின் அவ்வச்சம் பெரிதும் நீங்கும். கல்லூரிக் கணினிக்கூடத்திலோ, அவரவர் கணக்கில் அவரவர் செய்யும் மாற்றம் பிறரைத் தாக்காது. எனவே தயங்காமல் பழகலாம்.

இவ்வுழைப்பு வீண் போவதுமன்று. எக்ஸ் முறைக்குப் பின்வந்த வேலண்டு முறையில் லேப்டபிள்யூசி என்னும் சாளர மேலாளர் ஓப்பன்பாக்ஸின் பட்டியல் வடிவையே ஏற்றுக்கொண்டுள்ளது. ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியின் இயங்குதளம் 2024ஆம் ஆண்டு அதனைத் தழுவியது.

ஆதலின், மாணவ நண்பர்களே, பிறர் அமைத்துத் தந்த திரையே முடிந்த முடிபு என்று எண்ணற்க. ஒரு கோப்பைத் திறந்து, ஒரு வரியைத் திருத்தி, விளைவைக் கண்டு, மறு வரிக்குச் செல்க. கருவிக்கு ஏற்ப நாம் வளைதல் ஒரு பழக்கம். நம் கைக்கும் மொழிக்கும் ஏற்பக் கருவியைத் திருத்துதல் கல்வி.