லோனில் அடித்த கோல்

பாகூர்

அன்பு மகள் கயல்விழிக்கு,

பெரியப்பா எழுதுவது. ஆயாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் தேவலாம். நீ வாங்கி அனுப்பிய தைலத்தைத்தான் ராத்திரியில் தேய்த்துக்கொள்கிறார்கள்.

உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். உன் கால்பந்து கிளப் அடுத்த சீசனுக்கு உன்னை லோனில், அதாவது தற்காலிகமாக, வேறு மாநில அணிக்கு அனுப்பப் பார்க்கிறது, நீயும் கிளம்பத் தயாராக இருக்கிறாய். அதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. ஆனால் நீ கடைசியாகச் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை: "அங்க போயி பதினஞ்சு கோல் அடிச்சிட்டா போதும் பெரிப்பா, நான் யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். ஸ்காட்லாந்துக்கு லோன்ல போனவங்கல்லாம் அப்படித்தானே பெரிய ஆளானாங்க?" போனில் இதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் பயிற்சிக்கு நேரமாகிவிட்டது என்பாய். அதனால்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

ஸ்காட்லாந்துப் பேச்சு உனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா வீட்டுப் பையன் லீவுக்குப் பிரான்சிலிருந்து வரும்போதெல்லாம் உன் தம்பியோடு திண்ணையில் உட்கார்ந்து ஒட்சோன் எடுவார் புராணம் பாடுவான். அவன் சொல்வதில் பொய் இல்லை. பாரிஸ் சாங் ஜெர்மேன் அணியில் இடம் கிடைக்காத எடுவார் 2017இல் ஸ்காட்லாந்தின் செல்டிக்குக்கு லோனில் போனான், கோல் அடித்தான். 2018இல் செல்டிக் அதுவரை யாருக்கும் கொடுக்காத விலை கொடுத்து அவனை வாங்கியது. 2019-20 சீசனில் ஸ்காட்லாந்து லீக்கிலேயே அதிகமாக 22 கோல் அவனுடையது. 2021 ஆகஸ்ட் கடைசியில் இங்கிலாந்தின் கிரிஸ்டல் பேலஸுக்குப் போய், முதல் ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரனாக இறங்கிய அரை நிமிடத்துக்குள் டாட்டன்ஹாமுக்கு எதிராகக் கோல் போட்டான். அதே ஆட்டத்தில் இன்னொன்றும் அடித்தான். பையன் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடுவான். அதற்குப் பிறகு பேலஸில் கோல்கள் குறைந்தன, பெஞ்சில் உட்கார வேண்டி வந்தது, லெஸ்டருக்கு மறுபடியும் லோன், கடைசியில் 2025இல் பிரான்சுக்கே திரும்பி லான்ஸ் அணியில் சேர்ந்தான். ஆட்டக்காரன் அதே ஆள்தான். ஸ்காட்லாந்தில் அவன் அடித்ததும் உண்மை, லண்டனில் திணறியதும் உண்மை.

ஏன் அப்படி ஆகிறது என்பதை நீ புரிந்துகொள்ள வேண்டும். 1985இல் அபர்தீன் பட்டம் வென்ற பிறகு நாற்பது ஆண்டுகள் ஸ்காட்லாந்து லீக்கை செல்டிக், ரேஞ்சர்ஸ் இரண்டைத் தவிர வேறு எந்த அணியும் வென்றதில்லை. அந்த இரண்டில் ஒன்றுக்கு ஸ்ட்ரைக்கராகப் போனால் ஆட்டம் முழுக்கப் பந்து உன் அணியிடம்தான் இருக்கும். ஒரு வாய்ப்பைத் தவறவிட்டாலும் அடுத்தது வரும். எதிரணி பத்துப் பேரும் பாக்ஸுக்குள் அடைந்து நிற்பார்கள், அந்த நெரிசலில் ஒரே டச்சில் முடிக்கத் தெரிந்தவருக்குக் கோல் கிடைக்கும். அதுவும் திறமைதான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அணி மாறி, ஆட்டத்துக்கு இரண்டே இரண்டு பந்து வருகிற இடத்துக்குப் போனால் வேலையே வேறு. நடுக்கோட்டுக்கு அருகில், முதுகில் ஒரு டிஃபன்டரைச் சுமந்தபடி பந்தைப் பிடித்து வைக்க வேண்டும், நாற்பது மீட்டர் ஓட வேண்டும், வந்த ஒரே வாய்ப்பை உள்ளே தள்ள வேண்டும். முதல் வேலையில் தேறியவர் இரண்டாவதிலும் தேறுவார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நம் ஏரித் தண்ணீர் பாயும் நிலத்தில் கண்ட விளைச்சலை வைத்து அந்த விதை மானாவாரியிலும் அப்படியே விளையும் என்று யாராவது சொல்வார்களா?

ஐரோப்பாவில் அதிகக் கோல் அடிப்பவருக்குக் கொடுக்கும் தங்கக் காலணி விருதிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. பெரிய ஐந்து லீக்குகளில் அடித்த கோலுக்கு 2 புள்ளி, அதற்கு அடுத்த நிலை லீக்குகளில் அடித்ததற்கு 1.5 புள்ளி. 2001இல் செல்டிக்கின் ஹென்ரிக் லார்சன் லீக்கில் 35 கோல் அடித்தார். இந்தக் குறைந்த எடையிலும் விருது அவருக்குத்தான் போனது. அப்போதும் "ஸ்காட்லாந்துல யார் வேணா அடிப்பாங்க" என்றுதான் பலர் பேசினார்கள். அந்த வாயை அடைத்தது ஸ்காட்லாந்தில் அடித்த கோல்கள் அல்ல. 2003இல் செவில் நகரில் நடந்த யூஇஎஃப்ஏ கோப்பை இறுதியாட்டத்தில் மொரின்யோவின் போர்ட்டோவுக்கு எதிராகத் தலையால் இரண்டு கோல் போட்டார். செல்டிக் 3-2 என்று தோற்றது, ஆனாலும் லார்சன் யார் என்பதில் அன்றைக்கு யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. 2006 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் பார்சலோனாவுக்கு மாற்று ஆட்டக்காரராக இறங்கி, ஆர்சனலுக்கு எதிரான இரண்டு கோலுக்கும் அவர்தான் வழி செய்துகொடுத்தார். தனக்குச் சமமானவர்களையும் தன்னைவிடப் பெரியவர்களையும் எதிர்த்து ஆடியபோதுதான் அவர் தரம் தெரிந்தது.

ராபி கீன் கதையையும் கேள். 2010 பிப்ரவரியில் டாட்டன்ஹாமிலிருந்து செல்டிக்குக்கு லோனில் போனார். மே மாதம் வரை ஆடியதில் 16 கோல். அப்படியும் அந்த சீசனில் செல்டிக்குக்கு ஒரு கோப்பை கூடக் கிடைக்கவில்லை, அவர் திரும்பிப் போனபோது டாட்டன்ஹாமில் அவருக்குப் பழைய இடமும் காத்திருக்கவில்லை. இன்னும் சமீபத்தியது ஆடம் ஐடா. 2024 பிப்ரவரியில் நாரிச்சிலிருந்து செல்டிக்குக்கு லோன். மே 25 அன்று ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியில் ரேஞ்சர்ஸுக்கு எதிராக 90வது நிமிடத்தில் அவர் அடித்ததுதான் ஆட்டத்தின் ஒரே கோல். அந்தக் கோடையில் பெரும்பணம் கொடுத்து அவரை வாங்கினார்கள், 2025 செப்டம்பரில் ஸ்வான்சிக்கு விற்றுவிட்டார்கள். நான்கு மாத லோனைப் பார்த்து விலை பேசினால் இப்படி ஆவதுண்டு.

இதையே திருப்பிப் போட்டும் பார்க்க வேண்டும். லோனில் சோபிக்காதவரெல்லாம் தரமில்லாதவரா? ஹாரி கேனை டாட்டன்ஹாம் நான்கு கிளப்புகளுக்கு லோனில் அனுப்பியது. நாரிச்சில் ஒரு கோல் கூட இல்லை. லெஸ்டரில் பெரும்பாலும் பெஞ்ச். அன்றைக்கு அந்த எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவெடுத்திருந்தால், பின்னாளில் இங்கிலாந்துக்காக அதிகக் கோல் அடித்தவரையே விட்டிருப்பார்கள்.

ஆனால் கண்ணு, நீ முக்கியமாகப் பார்க்க வேண்டியது இவர்கள் யாரையும் அல்ல, பாலா தேவியை. மணிப்பூர் பிஷ்ணுபூர் மாவட்டத்துப் பெண், உன்னைப் போலவே ஸ்ட்ரைக்கர். 2019 நவம்பரில் கிளாஸ்கோவுக்குப் போய் ரேஞ்சர்ஸ் பெண்கள் அணியில் ட்ரையல் கொடுத்தார். 2020 ஜனவரி 29ஆம் தேதி பதினெட்டு மாத ஒப்பந்தம் கிடைத்தது, ஜெர்சி எண் 10. ஐரோப்பாவில் தொழில்முறை ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். இது லோன் அல்ல, நேரடி ஒப்பந்தம். அதற்கு நான்கு நாள் கழித்து அவருக்கு முப்பது வயது. நம் ஊரில் முப்பது வயதுப் பெண்ணிடம் இன்னும் பந்து விளையாடுகிறாயா என்று கேட்பார்கள், அவர் அந்த வயதில் புது நாட்டுக்குப் பெட்டி கட்டினார்.

போய்ச் சேர்ந்த இரண்டு மாதத்துக்குள் கொரோனாவால் ஆட்டங்கள் நின்றுவிட்டன. அந்நிய ஊர், எலும்பைக் குடையும் குளிர், ஆட வந்த இடத்தில் ஆட்டமே கிடையாது. ஆட்டம் மறுபடி தொடங்கி டிசம்பர் 6ஆம் தேதி, மதர்வெல் அணிக்கு எதிராக மாற்று வீராங்கனையாக இறங்கித்தான் அங்கே தன் முதல் கோலை அடித்தார். ரேஞ்சர்ஸ் 9-0 என்று ஜெயித்த ஆட்டம் அது. ஒப்பந்தம் போட்டுப் பத்து மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவன் இதைத் தோல்வி என்று எழுதிவிடுவான். 2024 அக்டோபரில் தெற்காசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியாவுக்கான ஐம்பதாவது கோலை அடித்தவரும் இதே பாலா தேவிதான். நம் நாட்டுப் பெண்களில் அந்த எண்ணிக்கையை முதலில் தொட்டவர் அவர். ஸ்காட்லாந்தில் கோல் வராத அந்த மாதங்கள் அவருடைய தரத்தில் ஒரு பொட்டுகூடக் குறைத்துவிடவில்லை. எனக்கு அவரிடம் பெரிய மரியாதை. உன் அறைச் சுவரில் எம்பாப்பே படத்துக்குப் பக்கத்தில் அவர் படத்தையும் ஒட்டிவை.

ஆகவே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். லோன் காலம் ஸ்ட்ரைக்கரின் தரத்தை நிரூபிக்காது. இந்த அணியில், இந்தக் கோச்சுக்குக் கீழே, இப்படிப் பந்து வந்தால் இவரால் இவ்வளவு முடியும் என்று மட்டும் காட்டும். அதுவும் உபயோகமான விஷயம்தான். அதற்கு மேல் அதில் எதையும் தேடாதே. பதினைந்து அடித்தாலும் தலையில் ஏற்றிக்கொள்ளாதே, மூன்று அடித்தாலும் அழுதுகொண்டு போன் பண்ணாதே.

ஒரு நோட்டு போடு. கோல் கணக்கை லீக்காரர்களே வைத்துக்கொள்வார்கள், அது உனக்கு வேண்டாம். அடித்த ஒவ்வொரு ஷாட்டுக்கும் பந்து எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எத்தனை டச் எடுத்தாய், அப்போது ஸ்கோர் என்ன, எதிரணி பட்டியலில் எந்த இடத்தில் இருந்தது என்று எழுது. 4-0 என்று முன்னிலையில் இருக்கும்போது அடித்த ஐந்தாவது கோலும், 0-0 என்று இழுத்துக்கொண்டிருக்கும்போது எண்பதாவது நிமிடத்தில் அடித்த கோலும் ஒன்றல்ல என்பது அந்த நோட்டில்தான் உனக்குத் தெரியும். பொங்கலுக்கு வந்திருந்தபோது உப்பளம் மைதானத்தில் நீ ஆடியதைப் பார்த்தேன். இடது விங்கிலிருந்து கிராஸ் வரும்போது பந்தை மட்டும் பார்த்தபடி கோலுக்கு முழு முதுகைக் காட்டி நின்றுவிடுகிறாய். பந்தை நிறுத்த ஒரு டச், திரும்ப ஒரு டச், அதற்குள் டிஃபன்டர் காலை நீட்டிவிடுகிறாள். பாதி பக்கவாட்டில் நின்று, ஓரக்கண்ணில் கீப்பர் தெரிகிற மாதிரி வாங்கிப் பழகு. இரண்டாவது டச்சே ஷாட்டாக இருக்க வேண்டும். போகிற அணியில் இதைத் திருத்தும் கோச் இருந்தால், நீ கோலே அடிக்காவிட்டாலும் அந்த சீசன் உனக்கு லாபம்தான்.

கோல் அடித்தால்தான் மதிப்பு என்று நினைக்காதே. கன்னியக்கோவிலில் பஸ் ஏறினால் கடலூர், அந்த ஊர்ப் பெண் இந்துமதி கதிரேசன். மிட்ஃபீல்டு ஆடுபவர். 2019இல் நம் மதுரை சேது அணி லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று தோற்கடித்து இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது, அந்த அணியில் ஆடியவர். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர் வேலையும் பார்த்துக்கொண்டு நாட்டுக்கும் ஆடியிருக்கிறார். அவரை யாரும் கோல் எண்ணி அளப்பதில்லை.

இனி ஒப்பந்த விஷயம். உன் அப்பாவுக்கு இது தெரியாது, அதனால் நான் சொல்கிறேன். லோன் என்றால் இரண்டு கிளப்பும் நீயும் மூன்று பேரும் ஒப்புக்கொள்ள வேண்டும். உன் சம்மதம் இல்லாமல் யாரும் உன்னை எங்கும் அனுப்ப முடியாது. நாடு விட்டு நாடு போகும் லோனுக்கு ஃபிஃபா 2022 ஜூலையிலிருந்து விதியைக் கடுமையாக்கியிருக்கிறது: எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், ஓராண்டுக்கு மேல் போகக்கூடாது, லோனில் போனவரை அங்கிருந்து மூன்றாவது கிளப்புக்குத் தள்ளிவிடக் கூடாது. உன்னுடையது உள்நாட்டு லோன்தான். ஆனாலும் இதே விஷயங்களை நீயும் கேள். சம்பளத்தை எந்தக் கிளப் எத்தனை பங்கு தருகிறது, சீசன் நடுவில் திரும்ப அழைக்கலாமா, தங்குமிடம் யார் பொறுப்பு. அந்தக் கோச் உன்னை எந்த இடத்தில் ஆட வைக்க நினைக்கிறார் என்பதை அவரிடமே போனில் பேசித் தெரிந்துகொள். விங்கில் ஓட ஆள் தேடுகிறவரிடம் நீ ஸ்ட்ரைக்கராகப் போய் நிற்காதே.

எல்லாவற்றையும்விட ஒன்று முக்கியம். முட்டியில் அடிபட்டால் ஆபரேஷன் செலவையும் அதன் பிறகான பிசியோதெரபியையும் யார் பார்ப்பது என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது. தாளைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, புதுச்சேரியில் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டுகிறேன். அவர் சரி என்று சொல்லும் வரை கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
பெரியப்பா