நித்திரை கொள்ளாத காவலாளி: உங்கட கிளஸ்டரில் ஒரு போஸ்ட்கிரெஸ் ஒபரேட்டர்



2023 ஒக்டோபர் கடைசி நினைவிருக்குதோ? 28ஆம் திகதி ரொறன்ரோ பொது நூலகத்தின் கணினிகள் மீது ஒரு ரான்சம்வேர் தாக்குதல். கிளைகள் திறந்துதான் இருந்தன. செடர்பிரேக்கோ மால்வேர்னுக்கோ போய்ப் புத்தகம் எடுக்கலாம். ஆனால் ஒன்லைன் கட்டலொக் இல்லை, ஹோல்ட் போட வழியில்லை, பொதுக் கணினிகளும் இல்லை. திருப்பிக் கொடுத்த புத்தகங்களைப் பதிய முடியாமல் ட்ரெய்லர்களில் குவித்து வைத்தார்கள். எல்லாம் வழமைக்குத் திரும்ப அடுத்த வருடம் ஆகிவிட்டது.

புத்தகங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. எது எங்கே இருக்கிறது, யாரிடம் இருக்கிறது என்ற பதிவைத்தான் தொட முடியவில்லை. டேட்டாபேஸ் ஏன் முக்கியம் எண்டு இதைவிட நல்லாய் விளங்கப்படுத்த ஏலாது.

இந்தக் கிழமை எபிசோடில் குபர்நெட்டிஸுக்குள் டேட்டாபேஸ் ஓட்டுவது பற்றிக் கதைத்தோம். அங்கே வேகமாகச் சொல்லிவிட்டுப் போனதை இங்கே ஆறுதலாகப் பார்ப்போம். எடுத்துக்காட்டு: போஸ்ட்கிரெஸுக்கான கிளவுட்நேட்டிவ்பிஜி என்ற ஒபரேட்டர். இது இலவசம், திறந்த மூலம். முதலே ஒன்று சொல்லி வைக்கிறேன்: நிறுவுவது பத்து நிமிட வேலை. அது ஒருநாள் உங்களைக் காப்பாற்றுமா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம்.

ஏன் ஒபரேட்டர் வேணும்?

குபர்நெட்டிஸ் என்பது கிரேக்கச் சொல். எங்கட தமிழில் அதற்கு அழகான ஒரு சொல் இருக்கிறது: மீகாமன், கப்பலைச் செலுத்துபவர். கூகுள் 2014இல் வெளியிட்ட இந்த மீகாமன் கொன்டெய்னர்களை ஓட்டுகிறார். ஒரு கொன்டெய்னர் விழுந்தால் அதே மாதிரி இன்னொன்றை எழுப்பிவிடுவார். வெப் சேர்வருக்கு இது போதும். பார்ட்டியில் காகிதத் தட்டு கிழிந்தால் என்ன செய்வோம்? அடுத்ததை எடுப்போம்.

டேட்டாபேஸ் காகிதத் தட்டு இல்லை. அது அம்மம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த குத்துவிளக்கு. உடைந்தால், அதே உயரத்தில் கடையில் இன்னொன்று வாங்கி வைத்துவிட்டு அது இதுதான் எண்டு சொல்ல ஏலாது. உள்ளே இருக்கிற தரவு முக்கியம். எது முதன்மை, எது நகல், எந்த நகல் எவ்வளவு பின்தங்கி நிற்கிறது என்பதெல்லாம் முக்கியம். முன்பு இதைப் பார்க்க அனுபவமுள்ள ஒரு டேட்டாபேஸ் நிர்வாகி இருப்பார். விடிய மூன்று மணிக்கு அவருடைய ஃபோன் அடிக்கும்.

அந்த நிர்வாகியின் அறிவை ஒரு புரோகிராமாக எழுதி, கிளஸ்டருக்குள்ளேயே ஓட விட்டால் என்ன? 2016 நவம்பரில் கோர்ஓஎஸ் நிறுவனம் இந்த எண்ணத்தை முன்வைத்து, அதற்கு ஒபரேட்டர் எண்டு பெயர் வைத்தது.

ஒபரேட்டருக்கு இரண்டு பாகம். ஒன்று, குபர்நெட்டிஸுக்குப் புதிதாக ஒரு சொல்லைக் கற்றுக்கொடுக்கும் வரையறை. இதைச் சுருக்கமாக சிஆர்டி என்பார்கள். இதை நிறுவ முன்பு "போஸ்ட்கிரெஸ் கிளஸ்டர்" எண்டால் குபர்நெட்டிஸுக்கு ஒன்றும் விளங்காது. மற்றது கன்ட்ரோலர். நீங்கள் கேட்டது என்ன, இப்ப இருப்பது என்ன, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் எண்டு அது ஓயாமல் பார்த்துச் சரிசெய்துகொண்டே இருக்கும். நித்திரை கொள்ளாது.

நிறுவுவோம்

கட்டளைகளைத் திட்டத்தின் ஆவணப் பக்கத்திலிருந்து அப்படியே எடுங்கோ. ஒவ்வொரு படியிலும் என்ன நடக்கிறது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

1. பழகிற இடம். உங்கட லப்டொப்பில் டொக்கர் இருந்தால், கைண்ட் என்ற கருவியால் ஒரு சின்ன குபர்நெட்டிஸ் கிளஸ்டரை எழுப்பலாம். வேலையிடத்துக் கிளஸ்டரில் பழகாதேங்கோ.

2. ஒபரேட்டர். ஒரே ஒரு யாமல் ஃபைல்தான். அதை கியூப்கன்ட்ரோல் மூலம் அப்ளை செய்ய வேணும். இங்கேதான் கனபேர் தடக்குப்படுவார்கள். சாதாரணமாக அப்ளை செய்தால், முழு வரையறையையும் ஒரு அனொட்டேஷனுக்குள்ளும் எழுதி வைக்கப் பார்க்கும். அனொட்டேஷன்களுக்கு 2,62,144 பைட் எல்லை உண்டு. பெரிய சிஆர்டி அதைத் தாண்டிவிடும். "டூ லோங்" எண்டு பிழை வரும். சேர்வர்-சைட் என்ற தெரிவைச் சேர்த்தால் பிரச்சினை தீர்ந்தது. ஆவணத்தில் அந்தச் சொல் இருப்பதற்குக் காரணம் இதுதான். அதை விட்டுவிட்டு கொப்பி பண்ணாதேங்கோ.

3. அனுமதி. இந்தப் படிக்குக் கிளஸ்டர் நிர்வாகியின் உரிமை தேவை. ஒபரேட்டர் எல்லா நேம்ஸ்பேஸையும் பார்க்கும், பொட்களை உருவாக்கும், அழிக்கும். வீட்டுத் திறப்பை ஒருவரிடம் கொடுக்கிற மாதிரி. ஆகவே எந்தப் பதிப்பை, எங்கிருந்து எடுக்கிறீங்கள் எண்டு பார்த்து எடுங்கோ.

4. சரிபார்ப்பு. சிஎன்பிஜி-சிஸ்டம் என்ற நேம்ஸ்பேஸில் ஒரு பொட் "ரன்னிங்" எண்டு நிற்க வேணும். நிற்குதோ? நல்லது. ஆனால் இன்னும் ஒரு டேட்டாபேஸும் இல்லை. வேலையாள் வந்துவிட்டார், வேலை கொடுக்கவில்லை.

5. டேட்டாபேஸ். இன்னொரு சின்ன யாமல்: வகை கிளஸ்டர், பெயர் ஒன்று, இன்ஸ்டன்ஸ் 3, ஸ்டோரேஜ் 1 கிகாபைட். அவ்வளவுதான். சிறிது நேரத்தில் மூன்று பொட் வரும். ஒன்று முதன்மை, மற்ற இரண்டும் அதைத் தொடர்ந்து நகல் எடுப்பவை. பாஸ்வேர்டையும் அதுவே உருவாக்கி ஒரு சீக்ரெட்டில் வைத்துவிடும்.

கூடவே மூன்று சேர்விஸ் வரும். "ஆர்டபிள்யூ" எண்டு முடிவது எப்பவும் முதன்மையைக் காட்டும். உங்கட அப் அந்தப் பெயரோடு மட்டும் பேசட்டும். எந்தப் பொட் முதன்மை என்பது அதற்குத் தெரியத் தேவையில்லை.

இப்ப உடைப்போம்

ஒரு டேபிள் உருவாக்கி நாலு வரி எழுதுங்கோ. பிறகு முதன்மைப் பொட்டை அழியுங்கோ. ஓம், வேணுமெண்டே. ஒபரேட்டர் அதைக் கண்டுபிடித்து, நகல்களில் மிக முன்னுக்கு நிற்பதை முதன்மையாக உயர்த்தும். "ஆர்டபிள்யூ" சேர்விஸ் புதியவரைக் காட்டத் தொடங்கும். பழையவர் திரும்பி வந்து நகலாக வரிசையில் நிற்பார். நீங்கள் எழுதிய நாலு வரியும் அங்கேயே இருக்கும்.

முதல்தரம் இதைப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. அந்தச் சந்தோசத்தில், "சரி, பழகி முடிந்தது" எண்டு அந்த கிளஸ்டர் என்ற பொருளையே அழித்தேன். மூன்று பொட்டும் போயின. அவற்றோடு மூன்று டிஸ்க்கும் போயின. ஒபரேட்டர் பிழை விடவில்லை. நான் சொன்னதை ஒரு சொல் தட்டாமல் செய்தது. பழகிற லப்டொப் என்பதால் தப்பினேன்.

நகல் வேறு, பேக்கப் வேறு

இந்த இடத்தை இரண்டு தரம் வாசியுங்கோ. நகல், மெஷின் பழுதாவதிலிருந்து காப்பாற்றும். மனிதப் பிழையிலிருந்து காப்பாற்றாது. நீங்கள் ஒரு டேபிளைத் தவறுதலாக அழித்தால், அந்த அழிப்பும் கண நேரத்தில் நகல்களுக்குப் போய்விடும்.

2017 ஜனவரி 31இல் கிட்லாபில் இதே மாதிரி ஒரு இரவு வந்தது. அவர்களும் போஸ்ட்கிரெஸ்தான். களைத்துப்போன ஒரு பொறியியலாளர், இரண்டாவது சேர்வரில் அழிக்க வேண்டிய ஃபோல்டரை முதன்மை சேர்வரில் அழித்துவிட்டார். ஏறத்தாழ 300 கிகாபைட்டில் மிஞ்சியது 4.5. சரி, பேக்கப்பை எடுப்போம் எண்டு போனால், கிளவுட் பக்கெட் வெறுமை. பேக்கப் எடுக்கிற கருவியின் பதிப்பும் டேட்டாபேஸின் பதிப்பும் பொருந்தாததால், அது கனநாளாகச் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கிற மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. கடைசியில், தற்செயலாக ஒருவர் ஆறு மணித்தியாலத்துக்கு முன்பு எடுத்திருந்த ஒரு ஸ்னப்ஷொட்தான் கைகொடுத்தது. அந்த ஆறு மணித்தியாலத் தரவு போனது போனதுதான். எல்லாவற்றையும் அவர்கள் ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள். அதனால்தான் நாங்கள் இன்றைக்குப் படிக்கிறோம்.

ஒரே இடத்தில் வைத்திருப்பதன் விலை எங்களுக்குப் புதிதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அவற்றில் சில ஓலைச்சுவடிகளுக்கும் கையெழுத்துப் பிரதிகளுக்கும் உலகில் வேறு பிரதியே இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை ஸ்கான் செய்து இணையத்தில் வைப்பது ஏன் எண்டு அப்பா அம்மாவைக் கேட்டுப் பாருங்கோ. இரண்டாவது பிரதி, வேறொரு இடத்தில். பேக்கப் எண்டால் அவ்வளவுதான்.

பேக்கப்பும் மீட்பும்

கிளவுட்நேட்டிவ்பிஜி பேக்கப்பைக் கிளஸ்டருக்கு வெளியே ஒரு ஒப்ஜெக்ட் ஸ்டோருக்கு அனுப்பும். ஸ்காபரோவில் ஓடுகிற கிளஸ்டருக்கு மொன்றியலில் ஒரு பக்கெட் வைக்கலாம். முழு பேக்கப்போடு வால் ஃபைல்களும் தொடர்ந்து போகும். பெயர்தான் வால், உண்மையில் ஒவ்வொரு மாற்றமும் டேட்டாபேஸுக்குள் போக முன்பு முன்னுக்கு ஓடுகிற குறிப்பு அது. இயல்பான அமைப்பில் ஆகக் கூடியது ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் அது அனுப்பப்படும். ஆகவே கிளஸ்டர் முழுதாகப் போனாலும் இழப்பு ஏறத்தாழ அந்த ஐந்து நிமிடத்துக்குள் நிற்கும்.

இரண்டு கவனம். ஒன்று, பேக்கப் நேரத்தைக் குறிக்கிற கிரொன் வரியில் இங்கே ஆறு இடம், முதலாவது விநாடி. பழக்கத்தில் ஐந்து இடம் எழுதினால், நீங்கள் நினைத்த நேரம் வேறு, அது விளங்கிக்கொள்கிற நேரம் வேறு. இரண்டு, கிளஸ்டருக்குள் புகுந்தவர் பக்கெட்டையும் அழிக்க முடியுமெண்டால் அது பேக்கப் இல்லை. குறிப்பிட்ட காலத்துக்கு யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டுகிற ஒப்ஜெக்ட் லொக் வசதியைப் பாருங்கோ. ரான்சம்வேருக்கு எதிராகக் கடைசியில் நிற்கிற கதவு அது.

மீட்பு பழைய கிளஸ்டருக்குள் நடக்காது. பேக்கப்பிலிருந்து புதிதாக இன்னொரு கிளஸ்டரை எழுப்ப வேணும். "பிழை நடப்பதற்கு ஒரு நிமிடத்துக்கு முந்திய நிலை வேணும்" எண்டும் கேட்கலாம். பழையதைத் தொடாமல் புதியதைச் சரிபார்த்து, திருப்தி வந்த பிறகு அப்பை அங்கே திருப்பலாம்.

இந்தக் கிழமை வீட்டுப்பாடம்

- கைண்டில் மூன்று இன்ஸ்டன்ஸ் எழுப்பி, முதன்மையை அழித்துப் பாருங்கோ.
- வெளியே ஒரு பக்கெட்டுக்கு பேக்கப் எடுங்கோ. பிறகு ஒரு டேபிளை வேணுமெண்டே அழியுங்கோ.
- அழிப்பதற்கு முந்திய நிலைக்குப் புதிய கிளஸ்டரை மீட்டு, வரிகளை எண்ணிப் பாருங்கோ.
- தொடக்கத்திலிருந்து முடிவுவரை எத்தனை நிமிடம் எடுத்தது எண்டு எழுதி வையுங்கோ.

கடைசியாக எழுதிய அந்த எண்தான் முக்கியம். நாளைக்கு வேலையில் மனேஜர் "டேட்டாபேஸ் போனால் எவ்வளவு நேரத்தில் திரும்ப வரும்?" எண்டு கேட்டால், ஒபரேட்டர் இருக்கிறது எண்டு சொல்வது பதில் இல்லை. "போன மாதம் மீட்டுப் பார்த்தேன், இத்தனை நிமிடம்" என்பதுதான் பதில்.

எங்கே தடக்குப்பட்டாலும் இந்த மின்னஞ்சலுக்கே மறுமொழி போடுங்கோ. அடுத்த எபிசோடில் சேர்ந்து பார்ப்போம்.

அடுத்த கிழமை சந்திப்போம்!