நாலாவது சொட்டு

அன்றைக்கு அந்தக் குழந்தைக்கு நாலாவது தடவையும் கண் மருந்து விட்டேன். விட்டிருக்கக் கூடாது.

ராமநாதபுரம் பக்கம் ஒரு மருத்துவமனையில், பச்சிளங்குழந்தைப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். அவன் 29 வாரத்தில் பிறந்தவன், 1,150 கிராம். அம்மாவுக்குத் தங்கச்சிமடம். 34 வாரத்துக்கு முன்னால் பிறந்தாலோ எடை 2 கிலோவுக்குக் குறைந்தாலோ, 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். மிகவும் சீக்கிரம் பிறந்ததென்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. 1996-ல் சென்னையில் பிறந்த ஒரு குறைமாதக் குழந்தைக்கு இதைப் பார்க்காமல் விட்டு, பார்வை போயிற்று. 2015-ல் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய 1.8 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஆகவே பரிசோதனை வேண்டாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கண்மணி விரிந்தால்தான் உள்ளே தெரியும். அவனுக்கு மூன்று தடவை விட்டும் விரியவில்லை. டாக்டர் வரும் நேரம். இன்னொரு சொட்டு விட்டேன். கொஞ்ச நேரத்தில் மானிட்டர் கத்தியது. 150-ல் இருந்த துடிப்பு 80-க்கு வந்துவிட்டது, உதடு நீலம். உள்ளங்காலைத் தேய்த்துவிட்ட பிறகுதான் மூச்சு திரும்பியது. சாயங்காலம் அவன் அம்மா கூப்பிட்டார். "சிஸ்டர், வயிறு கல்லு மாதிரி இருக்கு. கண்ணுல விட்ட மருந்துக்கும் வயித்துக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் இருக்கிறது. கண்ணில் தங்காத மருந்து உள்மூலைத் துளை வழியாக மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்கி ரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சொட்டில் இருக்கும் ஃபினைலெஃப்ரின் ரத்தக் குழாயை இறுக்கும். அதோடு கலந்திருக்கும் டிராபிகமைடு குடலை மந்தமாக்கும். 60 கிலோ ஆளுக்கு விடும் அதே சொட்டு, அவனுக்கு ஐம்பது மடங்கு. பால் நிறுத்தி, மறுநாள்தான் வயிறு இளகியது.

இப்போது பாட்டிலைக் கையில் எடுத்ததும் லேபிளை வாய்விட்டுப் படிக்கிறேன். பெரியவர்களுக்கான கலவையில் ஃபினைலெஃப்ரின் 5 சதவீதம் இருக்கும், குழந்தைக்கு 2.5-ஐத் தாண்டக் கூடாது. 10 சதவீத பாட்டிலை எங்கள் அலமாரியிலேயே வைப்பதில்லை. கீழிமையை மெல்ல இழுத்து ஒரே ஒரு சொட்டு. வழிவதை உடனே பஞ்சால் ஒற்றி, கண்ணின் உள்மூலையை ஒரு நிமிடம் விரல் நுனியால் அழுத்திப் பிடிப்பேன். பட்டாணி அளவுகூட இல்லாத இடம் அது. அழுத்தம் பூப்போல இருக்க வேண்டும். அடுத்த சொட்டு பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத்தான்.

சொன்னபடி விட்டும் விரியவில்லையா, டாக்டரைக் கூப்பிடுங்கள். விரியாத கண்மணியே விழித்திரை நோய் முற்றியதன் அடையாளமாக இருக்கலாம். அவனுக்கு அதுதான். மதுரைக்கு அனுப்பி லேசர் செய்தார்கள். அந்தக் கண் எனக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது, நான் மருந்தை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மதுரைக்குப் போய்வரும் தாய்மார்களுக்கு ஒன்று. பரிசோதனை முடிந்த கையோடு ராமேஸ்வரம் பஸ்ஸைப் பிடிக்காதீர்கள். டாக்டர் போகலாம் என்று சொல்லும்வரை அங்கேயே இருங்கள். எப்போது, எவ்வளவு பால் கொடுக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மணிக்கணக்கில் கண் கூசும், வெயில் படாமல் மூடிக் கொண்டுபோங்கள். வயிறு உப்பினால், குடித்த பாலைக் கக்கினால், நிறம் மாறினால் உடனே திரும்புங்கள். பாம்பன் பாலத்துக்கு நடுவில் மூச்சு நின்றால் எந்தப் பக்கம் ஓடுவீர்கள்?