ஐம்பது வயசுத் தோள்

இந்த மாத சுவர்ப் பத்திரிகையின் மருத்துவப் பகுதியில் தோள்பட்டை வலியைப் பற்றியும், அதற்கான சீன வைத்தியத்தைப் பற்றியும் எழுதுகிறேன்.

எங்க ஆயா உப்பளத்தில் வீட்டு வாசலில் இட்லிக் கடை போட்டிருக்காங்க. தீபாவளிக்கு அப்புறம் அவங்களால வலது கையைத் தூக்க முடியல. கொடியில் துணி போட முடியாது, கொண்டை முடிய முடியாது, ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாது. "வாயு புடிச்சிக்கிச்சு"ன்னு தைலம் தேய்ச்சாங்க. கேக்கல. கடைக்கு வர்ற ஒருத்தர் சொல்லி அக்குபஞ்சர் ஊசிக்குப் போனாங்க. துணைக்குப் போனது நான்.

இந்த வலிக்குச் சீனாவில் "ஐம்பது வயசுத் தோள்" என்று பெயர். ஜப்பானிலும் அதே பெயர்தான்! சீனர்கள் இதைத் "தோளில் புகுந்த காற்று" என்றும் சொல்வார்களாம். ஆயா சொன்ன வாயுவும் அதுவும் ஒண்ணு மாதிரியே இருக்குல்ல? நம்ம சித்த மருத்துவத்தில் இது கும்பவாதம். ஆஸ்பத்திரியில் "உறைந்த தோள்" என்கிறார்கள்.

தோள் மூட்டு, கிண்ணத்தில் உட்கார்ந்த பந்து போன்றது. அதைச் சுற்றி ஒரு உறை இருக்கிறது. அந்த உறை வீங்கி, தடித்து, சுருங்கிவிடுவதுதான் இந்த நோய். 40 முதல் 60 வயதுக்குள் அதிகம் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். முதலில் வலி, அப்புறம் இறுக்கம், கடைசியில் மெல்லத் தளரும். மொத்தம் ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூட ஆகலாம்.

சீன வைத்தியத்தில் உடம்புக்குள் "ச்சி" என்ற சக்தி பல பாதைகளில் ஓடுவதாகச் சொல்கிறார்கள். அது தடைபட்டால் வலியாம். அந்தத் தடையை எடுக்கத்தான் மயிர் போன்ற ஊசி. (அந்தப் பாதைகளை யாரும் அறுத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை என்று அறிவியல் மிஸ் சொன்னாங்க.) ஊசி மட்டும் இல்லை. மாசிபத்திரி இனச் செடியைக் காயவைத்துக் கொளுத்திச் சூடு காட்டுவதும், கிண்ணம் கவிழ்த்துத் தோலை உறிஞ்ச வைப்பதும் உண்டு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸ் தோளில் வட்டம் வட்டமாகத் தெரிந்தது அந்தக் கிண்ணத் தடம்தான்.

எனக்கு ரொம்ப ஆச்சரியம், தோள் வலிக்குக் காலில் குத்தியது! முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் ஒரு இடம். ஊசி அங்க இருக்கும்போதே ஆயாவைக் கையை மேலே தூக்கச் சொன்னாங்க. கொஞ்சம் தூக்கவும் செஞ்சாங்க.

இது இந்தியாவுக்கு வந்த கதையும் பெரிசு. 1938-ல் ஜப்பானோடு போர் நடந்த சீனாவுக்கு நம்ம நாட்டிலிருந்து ஐந்து டாக்டர்கள் உதவப் போனார்கள். அதில் கோட்னிஸ் அங்கேயே 1942-ல் இறந்துவிட்டார். இன்னொருவர் கல்கத்தாவின் பிஜய் குமார் பாசு. அவர் 1958-ல் மறுபடி சீனா போய் அக்குபஞ்சர் கற்று, கல்கத்தாவில் ஆரம்பித்தார். 2019-ல் மத்திய அரசு இதைத் தனி மருத்துவ முறையாக ஏற்றது.

அப்போ வலி போகுமா? ஜெர்மனியில் தோள் வலி உள்ள 424 பேரிடம் சோதித்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், சும்மா பேருக்கு ஊசி குத்தியவர்களைவிட முறையாகக் குத்தியவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. ஆனால் எல்லா ஆய்வும் அப்படிச் சொல்லவில்லை. ஆயாவுக்கு ஆறு தடவையில் ராத்திரி வலி குறைஞ்சது. கை பழையபடி மேலே போகல.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். அங்கே ஆயாவுக்குச் சர்க்கரை இருக்கான்னு யாருமே கேக்கல. ஆயாவா சொன்னதுக்கு, "மாத்திரையை நிறுத்திடுங்க, ஊசியே பாத்துக்கும்"னு சொன்னாங்க. ஆயாவும் நிறுத்திட்டாங்க. இருபது நாள் கழிச்சு கடையிலேயே மயக்கமா உக்காந்துட்டாங்க. ஆஸ்பத்திரியில் பார்த்தால் சர்க்கரை 380. தோள் இறுகினதுக்கும் அந்தச் சர்க்கரையே காரணமா இருக்கலாம்னு டாக்டர் சொன்னாங்க. கூட இருந்த எனக்கே அது தெரியாம போச்சேன்னு அழுகையா வந்துச்சு.

உங்க வீட்டிலும் யாராவது ஊசிக்குப் போனால், ஊசி புதுசா உறை பிரிச்சதான்னு பாருங்க. பழைய ஊசியில் மஞ்சள் காமாலைக் கிருமி பரவும். தோள் மேட்டில் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் படும். இடது தோள் வலியோடு வேர்வையும் நெஞ்சு அடைப்பும் இருந்தால் அது இதயமாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிதான்.

இப்ப ஆயா மாத்திரை போடுறாங்க. தினமும் ரெண்டு பயிற்சி. குனிந்து நல்ல கையை மேசையில் ஊன்றி, வலிக்கிற கையைக் கடிகார ஊசல் மாதிரி ஆட்டணும். அப்புறம் சுவரைப் பார்த்து நின்னு விரலாலேயே சுவரில் ஏறணும். எட்டின இடத்தில் நான் பென்சில் கோடு போடுவேன். ஜனவரியில் சுவிட்சுக்குக் கீழே இருந்த கோடு, போன ஞாயிற்றுக்கிழமை காலண்டர் ஆணிக்கு வந்திருக்கு. துணிக்கொடி அதுக்கும் ஒரு சாண் மேலே.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி