தரவுவகைக்குப் பெயர் வைக்கப் போகிறவர்களுக்கு

புராசஸ்களுக்கிடையே செய்தி பரிமாறும் எம்பிஐயில் (MPI) நிரல் எழுதத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு, பல காலம் இதிலேயே உழன்றவன் சொல்வது இது. செய்தி அனுப்புவதையும் பெறுவதையும் புத்தகத்தைப் பார்த்தே கற்றுக்கொள்வீர்கள். சொந்தமாக உருவாக்கும் டேட்டாடைப்புக்கு எப்படிப் பெயர் வைப்பது என்பதை யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை.

1. உங்கள் பெயர் எம்பிஐக்குத் தேவையில்லை. அனுப்புவதும் பெறுவதும் பொருந்துகின்றனவா என்பதை அடிப்படை வகைகளின் வரிசைதான் முடிவுசெய்கிறது. மூன்று டபுள்களைச் சேர்த்து நீங்கள் ஒரு வகை செய்து அனுப்பினால், எதிர்ப்பக்கம் எம்பிஐ_டபுள் என்று போட்டு, எண்ணிக்கை 3 கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அது முறையானதே. பெயர் முழுக்க மனிதருக்காக. நூற்றுக்கணக்கான புராசஸ்கள் ஓடும் நிரல் நள்ளிரவில் தொங்கி நின்றால், பிழை தேடுகிறவருக்கு அது ஒன்றே துணை.

2. வகையின் வடிவத்தைப் பெயராக்காதீர்கள்; அது எதைச் சுமக்கிறதோ அதைப் பெயராக்குங்கள். சி மொழியில் அணி வரிசை வரிசையாக நினைவகத்தில் அமர்கிறது. அதனால் வெப்பநிலைக் கட்டத்தின் ஓரத்து நெடுவரிசையைப் பக்கத்துப் புராசஸுக்கு அனுப்ப டைப்_வெக்டர் வேண்டும். அதற்கு ‘வெக்டர்1’ என்று பெயர் வைத்தால், ஒரு மாதம் கழித்து வரும் ‘வெக்டர்2’ எதற்கென்று எழுதியவருக்கே தெரியாது. ‘வெப்ப_நெடுவரிசை_அகலம்1’ என்றால் எந்தத் தரவு, எந்தத் திசை, எத்தனை அடுக்கு என்று எல்லாமே தெரிகிறது. நீளமாக இருந்தால் இருக்கட்டும்.

3. எம்பிஐ_, பிஎம்பிஐ_ என்று தொடங்கும் பெயர்கள் நமக்கு உரியவை அல்ல. தரநிலை அவற்றைத் தனக்கென வைத்துக்கொண்டிருக்கிறது.

4. மாறியின் பெயர் மூலநிரலோடு நின்றுவிடும். ஓடும்போதும் பெயர் தெரியவேண்டும் என்பதற்காகவே 1997இல் வந்த எம்பிஐ-2 டைப்_செட்_நேமைக் கொடுத்தது. வகையை டைப்_கமிட் கொண்டு கமிட் செய்த அடுத்த வரியிலேயே அதை அழையுங்கள். இது அந்தந்தப் புராசஸுக்குள் மட்டும் நடப்பது. எல்லா ரேங்கிலும் ஒரே பெயர் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனாலும் ஒரே பெயரையே வையுங்கள். பெயரின் நீளத்துக்கு எம்பிஐ_மேக்ஸ்_ஆப்ஜெக்ட்_நேம் என்ற எல்லை உண்டு. அது 64க்குக் குறையாது, சியில் கடைசி எழுத்து முடிவுக்குறிக்குப் போய்விடும். மீறினால் வால் வெட்டப்படும். ஆகவே வேறுபடுத்தும் சொல்லை முன்னால் வையுங்கள். டைப்_டியூப் கொண்டு நகலெடுத்தால் பெயரும் அப்படியே கூட வரும் என்று நம்பாதீர்கள், மறுபடி வையுங்கள். பெயரிடாத வகையிடம் டைப்_கெட்_நேம் கேட்டால் வெற்றுச் சரம்தான் கிடைக்கும். எம்பிஐ_இன்ட் போன்றவை பிறவியிலேயே பெயரோடு வருகின்றன.

5. ஸ்ட்ரக்டுக்குச் செய்யும் வகையில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ஒரு டபுள், ஒரு இன்ட் என்றால் தரவு 12 பைட். ஆனால் வழக்கமான 64-பிட் கணினியில் ஸ்ட்ரக்டின் அளவு 16. கடைசி 4 வெறும் நிரப்பி. அணியாக அனுப்பும்போது இரண்டாவது உறுப்பு இடம் மாறாமலிருக்க, டைப்_கிரியேட்_ரீசைஸ்டு கொண்டு அளவைத் திருத்துவோம். அப்போது கையில் இரண்டு வகைகள் இருக்கும். திருத்தாததற்குத் ‘துகள்_இடைநிலை’, திருத்தியதற்குத் ‘துகள்’ என்று தனித்தனியே பெயர் கொடுங்கள். கமிட் செய்யவேண்டியது இரண்டாவதை மட்டும். முதலாவதை உடனே விடுவித்துவிடலாம். ஸ்ட்ரக்டில் ஒரு புலத்தைச் சேர்க்கிறவர் கண்ணில் வகை செய்யும் செயற்கூறும் படவேண்டும். இரண்டையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

6. தயாராக இருக்கும் வகைகளில் ஒன்றை எடுப்பதும் பெயரைத் தேர்வதுதான். எம்பிஐ_லாங் 64-பிட் லினக்ஸில் 8 பைட், விண்டோஸில் 4. அளவு முக்கியமென்றால் 2009இல் எம்பிஐ-2.2 சேர்த்த எம்பிஐ_இன்ட்64_டி போன்றவற்றை எடுங்கள். எல்லாவற்றையும் எம்பிஐ_பைட் என்று அனுப்புவதை நான் ஏற்பதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பது படிப்பவருக்கும் தெரியாது, நூலகத்துக்கும் தெரியாது.

7. பழைய நிரலில் டைப்_ஸ்ட்ரக்ட், எம்பிஐ_அட்ரஸ் என்று கண்டால் பின்பற்றாதீர்கள். 2012இல் எம்பிஐ-3.0 அவற்றை நீக்கிவிட்டது. டைப்_கிரியேட்_ஸ்ட்ரக்ட், கெட்_அட்ரஸ் என்பவையே இன்றைய பெயர்கள்.

8. இன்றைக்கே உங்கள் நிரலில் டைப்_கமிட் என்று தேடுங்கள். எங்கெல்லாம் அதன் அடியில் பெயரிடும் வரி இல்லையோ, அங்கெல்லாம் இப்போதே எழுதிவிடுங்கள்.