வேனில் ஏறும் சிலிண்டர்!

புதுக்கோட்டையிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் குடும்பத்தோடு வேன் புறப்படுகிறது. பாய், போர்வை, பாத்திரம், காய்கறி மூட்டை எல்லாம் ஏறியாச்சு. கடைசியில், "அதையும் ஒரு ஓரமா வச்சிடுங்க" என்று கேஸ் சிலிண்டரும் ஏறுகிறது. ஹோட்டல் செலவு மிச்சம், வயிற்றுக்கும் நல்லது என்று நினைக்கிறோம். நியாயம்தான். ஆனால் ஆபத்தும் கூடவே ஏறிவிடுகிறதே!

2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில், மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்தது. லக்னோவிலிருந்து கோயில் யாத்திரை வந்தவர்களில் 9 பேர் இறந்தார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்திருந்த சிலிண்டர்தான் காரணம் என்றது ரயில்வே.

வண்டிக்குள் ஏன் அதிக ஆபத்து?

ஊதுபத்திப் புகை மேலே போகும். சமையல் கேஸ் அப்படியல்ல. காற்றைவிடக் கனமானது என்பதால் தண்ணீர் மாதிரி கீழே இறங்கி, சீட்டுக்கு அடியில் தேங்கும். நாம் குழந்தைகளைப் பாய் விரித்துப் படுக்க வைப்பதும் அங்கேதானே? காற்றில் 2 சதவீத அளவு கேஸ் கலந்தாலே போதும், ஒரு சின்னப் பொறியில் பற்றிக்கொள்ளும்.

இன்னொன்றும் உண்டு. மூடிய வண்டிக்குள் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரலாம். அதற்கு வாசனையே கிடையாது. தலைவலி, குமட்டல், மயக்கம் வரும். 'பஸ் ஒத்துக்கலை' என்று நினைத்து எலுமிச்சம்பழம் கொடுத்துக்கொண்டிருப்போம்!

மறக்கக்கூடாதவை

1. ஆட்கள் ஏறும் வண்டியில் சிலிண்டர் வேண்டாம். சமைத்தே ஆகவேண்டுமென்றால் பாத்திரங்களோடு தனியாக, திறந்த வண்டியில் அனுப்புங்கள். ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, நிமிர்த்தி வைத்துக் கட்டவேண்டும். படுக்க வைத்தால் கசியும்போது திரவமாகவே வெளிவரும்; அது பல மடங்கு கேஸாகப் பெருகும்.

2. மழையே பெய்தாலும் வண்டிக்குள் அடுப்பு பற்றவைக்காதீர்கள்.

3. கேஸ் வாசனை வந்தால் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கதவைத் திறந்து எல்லோரும் இறங்கித் தள்ளிப் போங்கள். லைட் சுவிட்சைத் தொடாதீர்கள். தூரமாக வந்தபின் 1906-க்கு போன் செய்யுங்கள்.

4. தீக்காயம் பட்டால் சாதாரணத் தண்ணீரை 20 நிமிடம் ஊற்றுங்கள். மை, பற்பசை, மாவு எதுவும் தடவாதீர்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

5. ரயிலில் சிலிண்டர் கொண்டுபோவது குற்றம். 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

நம் பாட்டிமார் சிலிண்டர் தூக்கிக்கொண்டா யாத்திரை போனார்கள்? புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி என்று கட்டுச்சோறுதானே! கூடவே ஒரு ஃபிளாஸ்க் காபி. அடுத்த பயணத்துக்கு அதுவே போதும். போனவர்கள் எல்லோரும் பத்திரமாக வீடு திரும்புவதுதான் முக்கியம்.