தேடிப் பயிலும் திறன்

துறையூர், பச்சைமலைக்கு அண்மையில் உள்ள ஊர். அவ்வூரினின்று நாள்தோறும் பேருந்தில் திருச்சிராப்பள்ளிக்குச் சென்று உடற்கல்வி பயிலும் மாணவன் ஒருவன் இருப்பதாகக் கொள்க. வழிநெடுக ஓட்டுநர் தம் இருக்கையை விட்டு எழுவதில்லை. நடத்துநரோ முன்னும் பின்னும் நடந்த வண்ணம் இருக்கிறார். இவ்விருவருள் எவருடைய இதயம் மிக்க நலத்துடன் இருக்கும் என்னும் வினா அம்மாணவன் உள்ளத்தில் எழுகிறது.

வினா எழுதல் எளிது; அதற்கு நம்பத்தக்க விடை காணுதல் அரிது. நண்பர் ஒன்று கூறுவார். நாளிதழ் வேறொன்று கூறும். நாளை பிறர்க்குப் பயிற்சி அளிக்கப் போகும் ஒருவன், கேட்டவற்றையெல்லாம் மெய்யெனக் கொள்ளலாகாது. அவன் சொல்லை நம்பி இளைஞரும் முதியோரும் நோயினின்று தேறியவரும் தம் உடலை வருத்துவர். ஆதலின், அவன் கற்ற பிழை அவன் ஏட்டோடு நில்லாது. பிறர் உடலையும் சென்று தாக்கும். ஆகவே, உண்மையைத் தேடி அவன் நூலகத்திற்குச் செல்லுதல் வேண்டும்.

நூலகம் என்பது நூல்களை அடுக்கிவைக்கும் பண்டகசாலை அன்று. இதனை நாட்டிற்கு உணர்த்தியவர், சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் ஆவார். கணிதம் கற்பித்து வந்த அவர், 1924ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். நூலகத் துறைக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. படிப்போர்க்கு உரிய நூல் கிட்ட வேண்டும் என்பதும், அவர்தம் காலம் வீணாகலாகாது என்பதும் அவ்விதிகளுள் அடங்கும். 1948ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறுவதற்கும் அவருடைய முயற்சி துணைநின்றது. நகரங்களிலேயன்றிச் சிற்றூர்களிலும் கிளை நூலகங்கள் தோன்ற அச்சட்டம் வழிவகுத்தது.

நூலகத்தினுள் நுழையுமுன் மாணவன் தன் வினாவைத் தெளிவாக்கிக் கொள்ளல் வேண்டும். உடற்பயிற்சியும் உடல்நலமும் என்பது கடல் போன்ற பொருள். யாரைப் பற்றிய வினா, எத்தகைய உழைப்பு, எந்த நோய் என வரையறுத்துக்கொண்டால் தேடும் எல்லை சுருங்கும். ‘நடமாடிப் பணிபுரிவோரைவிட அமர்ந்து பணிபுரிவோர்க்கு இதய நோய் மிகுதியா?’ என்று கேட்டால் வினா தெளிவு பெற்றுவிடும்.

அடுத்து, அப்பொருள் எங்கு உள்ளது என்பதை அறிதல் வேண்டும். உடற்பயிற்சி இயல் ஒரே அலமாரியில் அடங்குவதன்று. டூயியின் பதின்மப் பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகங்களில், உடலியங்கியல் 612 என்னும் எண்ணின் கீழும், உடல் தகுதி 613.7 என்னும் எண்ணின் கீழும், நோய்கள் 616 என்னும் எண்ணின் கீழும், விளையாட்டுகள் 796 என்னும் எண்ணின் கீழும் அமைந்திருக்கும். விளையாட்டு நூல்களை மட்டும் புரட்டிவிட்டு, “நூலகத்தில் ஒன்றும் இல்லை” என்று மீள்பவன், பிற அலமாரிகள் தனக்காகக் காத்திருந்ததை அறியாதவன் ஆவான்.

நூல்களைவிடப் புதிய செய்திகளை ஆய்விதழ்கள் தாங்கி வருகின்றன. அவற்றில் வெளியான கட்டுரைகளைக் கண்டறிய அட்டவணைகள் உள்ளன. அமெரிக்க நாட்டுத் தேசிய மருத்துவ நூலகத்தின் ‘பப்மெட்’ என்னும் அட்டவணை, 1997ஆம் ஆண்டு முதல் எவரும் கட்டணமின்றிக் கணிப்பொறி வழியே காணுமாறு திறந்துவிடப்பட்டது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் ‘சோத்கங்கா’ தொகுத்து அளிக்கிறது. இவற்றில் தேடுவோர் அவற்றிற்குரிய சொற்களை அறிதல் வேண்டும். மக்கள் ‘ஹார்ட் அட்டாக்’ என வழங்குவதை மருத்துவ அட்டவணை ‘மையோகார்டியல் இன்ஃபார்க்ஷன்’ என்னும் தலைப்பின் கீழ் வைத்துள்ளது. சொல் தெரியாது தயங்குவோரும், கட்டுரையின் சுருக்கம் மட்டும் கிடைத்து முழுமை கிடைக்கப் பெறாதோரும் நூலகரை அணுகிக் கேட்டல் நலம். வழிகாட்டுதல் அவர்தம் கடமை. கேட்டல் மாணவர் கடமை.

இவ்வாறு முறையாகத் தேடும் மாணவன் வியக்கத்தக்க ஆய்வு ஒன்றைக் காண்பான். அவன் துறையூர்ப் பேருந்தில் எண்ணிய வினாவையே லண்டன் மாநகரில் ஜெரமி மாரிஸ் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்தனர். அதன் முடிவு 1953ஆம் ஆண்டில் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. இரண்டடுக்குப் பேருந்துகளில் படியேறி இறங்கிப் பணிபுரிந்த நடத்துநர்களைவிட, அமர்ந்திருந்த ஓட்டுநர்களிடையே இதய நோய் மிகுந்திருந்தது.

விடை கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து மாணவன் அங்கேயே நின்றுவிட்டால், அவன் அறிந்தது பாதி உண்மையே ஆகும். 1956ஆம் ஆண்டில் அதே குழுவினர், பணியாளரின் சீருடை அளவுகளை ஆராய்ந்து மற்றொரு கட்டுரை வெளியிட்டனர். ஓட்டுநர்களின் இடுப்புச் சுற்றளவு இளம் பருவத்திலேயே நடத்துநர்களின் அளவைவிட மிகுந்திருந்தது! அங்ஙனமாயின், நோயின் வேறுபாட்டிற்குக் காரணம் பணியா, முன்னரே அமைந்த உடல்வாகா? தம் முடிவைத் தாமே ஐயுற்று ஆராய்ந்த அவர்கள், பின்னர் ஒத்த உடல்வாகு உடையோரை ஒப்பிட்டனர். மெலிந்தவராயினும் பருத்தவராயினும், நடத்துநரிடையே இதய நோயால் நேரும் திடீர் இறப்பு குறைவாகவே காணப்பட்டது. இவ்வாறு முதல் முடிவு மேலும் உறுதி பெற்றது.

முதற்கண் கிடைத்ததையே முடிவெனக் கொள்ளாது, அதனை யார் எழுதினர், எவ்வாறு அறிந்தனர், அதன்பின் என்ன கண்டனர் என்று தொடர்ந்து தேடுதலே ஆராய்ச்சியின் உயிர்நாடி. அங்ஙனம் தேடி அறிந்தவன் சொல்லை நம்பி உழைப்போரின் உடல் நலம் பெறும். அத்திறனை வளர்க்கும் நூலகத்தின் வாயில், துறையூர் மாணவனுக்கும் லண்டன் அறிஞர்க்கும் ஒருங்கே திறந்திருக்கிறது.